கை குறுக்கே வந்தது

பொன்னேரி ரயிலடிக்குப் பின்னால் இருந்த ஃப்ளெக்ஸ் கடையில் பிரதாப் ஒன்பது வருஷமாக வேலை பார்த்தான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எது வந்தாலும் படத்தை வெட்டி ஒட்டி எழுத்தைப் போட்டு மெஷினுக்கு அனுப்புவது அவன் பொறுப்பு. முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் அவன் ஒரு காலத்தில் மேடையில் பாடியவன் என்பது தெரியாது. தெரிந்தவர்கள் வெளியூரிலிருந்து வந்தார்கள். கறுப்பு டீஷர்ட் போட்ட இளசுகள். தயங்கி நின்று, "பாடு பிரதாப் நீங்கதானா?" என்று கேட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். முதலாளி கோதண்டம் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, எனக்குத் தெரியாம நீ இவ்ளோ பெரிய ஆளா?" என்பார். பிரதாப் சிரித்து மழுப்புவான். உள்ளுக்குள் இனிக்கும்.

'பாடு' என்பது அவர்கள் குழுவின் பெயர். பழவேற்காட்டு ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். குழுவுக்கு அந்தப் பெயரை வைத்தவன் தினகரன். பசியாவரம் தீவில் மீன்பிடிக்கிற வீட்டிலிருந்து பொன்னேரிக் கல்லூரிக்குப் படிக்க வந்தவன். "பாட்டு பாடுன்னும் அர்த்தம், படுற பாடுன்னும் அர்த்தம், எங்கூரு பாடுன்னும் அர்த்தம்டா. ஒரே பேர்ல மூணு கீது" என்றான். கிடார் அவனுடையது. ஆரம்பாக்கத்திலிருந்து வந்த எப்சிபா தன் ஊர் சர்ச்சில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவள், அதை இவர்களுக்காகவும் வாசித்தாள். பிரதாப்புக்குத் தொண்டை இருந்தது.

கிரஞ்ச் என்ற முரட்டு ராக் இசையை அவர்களுக்குக் காட்டியது சீனியர் ஒருவன் கொடுத்த பென் டிரைவ். முதல்முறை கேட்டபோது எப்சிபா காதைப் பொத்திக்கொண்டாள். தினகரன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "ஏரில தண்ணி வத்துனா படக சேத்துல இழுத்துனு போவோம்ல, அந்த சத்தம்டா இது" என்றான். அன்றைக்கே அவர்கள் என்ன வாசிக்கப்போகிறார்கள் என்பது முடிவாகிவிட்டது. மூடிக் கிடந்த ஒரு ரைஸ்மில் குடோனில் பயிற்சி. கட்டம் போட்ட பழைய சட்டை, அழுக்கு ஜீன்ஸ். 2008இல் தொடங்கி ஐந்து வருஷம், சென்னையில் கல்லூரி கல்லூரியாக வாசித்தார்கள். பெங்களூருக்கு இரண்டு முறை போனார்கள். ஒன்பது பாட்டு கொண்ட ஒரு சி.டி. போட்டார்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பல், வற்றிய முகத்துவாரம், பாடு கிடைக்காத நாளில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பா என்று பாட்டெல்லாம் தினகரன் எழுதியது. மெட்டும் அவனுடையது. பிரதாப் பாடினான்.

கடைசிக் கச்சேரி 2013 டிசம்பர் இருபத்தொன்று. சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியின் திறந்த மைதானம். மேடையேறுவதற்குக் கொஞ்சம் முன்னால் எப்சிபா பிரதாப்பிடம் ஒரு விஷயம் சொன்னாள். ஒரு சினிமா இசையமைப்பாளரின் உதவியாளர் தினகரனை மட்டும் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். தினகரன் அதைப் பிரதாப்பிடம் சொல்லவில்லை. பிரதாப்பும் கேட்கவில்லை. கடைசிப் பாட்டில் தினகரன் தன்னை மறந்து நீளமாக வாசிக்க ஆரம்பித்தான். பிரதாப் மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். கூட்டம் "தினா, தினா" என்று கத்தியது. பிரதாப் போய் அந்தக் கிடாரைப் பிடுங்கி ஸ்பீக்கர் பெட்டியில் அடித்தான். ஒரு முறை அல்ல. தினகரன் கிடாரைக் காப்பாற்றக் கையை நீட்டினான். கை குறுக்கே வந்துவிட்டது. அப்படித்தான் பிரதாப் அதைப் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னான், தன்னிடமும்.

கூட்டம் அதை நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு ஆரவாரம் செய்தது.

அதோடு குழு முடிந்தது. தினகரன் பசியாவரம் போய்விட்டான். எப்சிபா நர்சிங் முடித்துக் குவைத் போனாள். ஏழெட்டு வருஷம் யாரும் அவர்களைத் தேடவில்லை. ஊரடங்கு நேரத்தில் யாரோ அந்தக் கடைசிக் கச்சேரியின் மங்கலான வீடியோவை வலையேற்ற, அது ஊரெல்லாம் பரவியது. கிடார் உடையும் அந்தக் காட்சி டீஷர்ட்டில் ஏறியது. ஒரு யூடியூப் சேனல்காரர்கள் பிரதாப்பைத் தேடி வந்து, "ஏன் உடைச்சீங்க?" என்று கேட்டார்கள். பிரதாப் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "ஏரி சாவுது, எங்களுக்கு எதுக்கு கிடாருன்னு மூணு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு அது" என்றான். சொல்லும்போதே தொண்டை தழுதழுத்தது. அந்தத் தழுதழுப்பு நிஜம்தான், அதுதான் வேடிக்கை.

பிறகு சேகரிப்பாளர்கள் வந்தார்கள். பழைய டிக்கெட், கையில் கட்டும் பட்டை, சி.டி. உறை, எது இருந்தாலும் கேட்டார்கள். கடைசிக் கச்சேரி நோட்டீஸுக்கு மிகவும் கிராக்கி. பிரதாப்பிடம் டிரங்குப் பெட்டியில் சில இருந்தன. அவை தீர்ந்ததும், கடையில் மழையில் நனைந்து பழுத்துப்போன தாள்கட்டு ஒன்றைப் பார்த்தான். நோட்டீஸை ஸ்கேன் செய்து அந்தத் தாளில் அடித்தான். ஓரத்தைத் தேய்த்து மங்கலாக்கினான். மூன்று பேர் கையெழுத்தையும் அவனே போட்டான். தினகரனின் கையெழுத்துக்குக் கீழே கச்சேரித் தேதியையும் எழுதினான். பணம் வந்தது உண்மைதான். ஆனால் அவனை இழுத்தது பணம் மட்டுமல்ல. வாங்க வருகிறவர்கள் "சார்" என்று கூப்பிட்டு, அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினார்கள். ஃப்ளெக்ஸ் கடையில் அவனிடமிருந்து யாரும் எதையும் இரண்டு கையால் வாங்கியதில்லை.

அப்படி வாங்கியவர்களில் ஒருவர் மோகன்குமார். அம்பத்தூரில் வங்கி வேலை. அந்தக் கடைசிக் கச்சேரியில் இரண்டாம் ஆண்டு மாணவனாக முன்வரிசையில் நின்றவர். வீட்டு மாடியில் ஒரு அறை முழுக்கப் 'பாடு' பொருட்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்தார். எப்சிபா கையால் எழுதிய பாட்டு வரிசை, அவளுடைய உடைந்த டிரம் குச்சி, மேடைக்குக் கீழே பொறுக்கிய உடைந்த கிடாரின் விரல் நீள மரச்சிம்பு. ஜனவரியில் சென்னையில் ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னார்.

"உடைஞ்ச கிடார் தினகரன் சார்கிட்டதான் இருக்கும். அது இல்லாம கண்காட்சியே இல்ல சார். நீங்க கூட வந்தா குடுப்பாரு."

"அவன் யாரையும் பாக்கறதில்லீங்க" என்றான் பிரதாப்.

"உங்களையுமா?"

மூன்று பேரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று உலகத்துக்குச் சொன்னவன், நாங்கள் பேசிப் பன்னிரண்டு வருஷமாகிறது என்று எப்படிச் சொல்வான்? ஞாயிற்றுக்கிழமை காலை மோகன்குமார் காரோடு வந்துவிட்டார்.

பழவேற்காட்டில் காரை விட்டுவிட்டுப் படகில் போனார்கள். பாலம் வேலை நடந்துகொண்டிருந்தது. மோகன்குமார் ஏரியையும் நாரைகளையும் படம் எடுத்துக்கொண்டே வந்தார். பிரதாப் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தினகரன் வீட்டில் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டான்.

தினகரன் இருந்தான். வாசலில் போட்டிருந்த நைலான் வலையிலிருந்து காய்ந்த பாசியை உதறிக்கொண்டிருந்தான். கொஞ்சம் பருத்திருந்தான், முன்தலை வழுக்கை. அவன் மனைவி கீதா எதிரே உட்கார்ந்து வலையின் அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தாள். தினகரனுக்கு அத்தை மகள். கல்லூரி நாட்களிலேயே பிரதாப்புக்கு அவளைத் தெரியும். பிரதாப்பைப் பார்த்ததும் அவள் ஊசியை நிறுத்தினாள். தினகரன்தான் எழுந்தான்.

"வா பிரதாபு. எப்டி கீற?"

பிரதாப்பின் கண் தன்னையறியாமல் அவனுடைய இடது கைக்குப் போனது. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்பக்கம் வளைந்து, நிமிராமல் இருந்தன. உடனே கண்ணை எடுத்துக்கொண்டான்.

மோகன்குமார் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அந்த நாள் அவர் அங்கே இருந்ததையும், அந்தப் பாட்டுகள் தன்னை என்ன செய்தன என்பதையும் சொன்னார். தினகரன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தட்டிப் போட்டு, உட்காரச் சொல்லிவிட்டுப் பொறுமையாகக் கேட்டான். கிடாரைப் பற்றிக் கேட்டதும் கீதாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அதுவா? அத அடுப்புல வச்சிட்டேன்" என்றாள் கீதா. "நல்லாகூட எரியல. வூடு முழுக்க பெயிண்டு நாத்தம்."

மோகன்குமார் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். தினகரனுக்குச் சிரிப்பு வந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க சார். வெறகு இல்லாத நேரம்" என்றான்.

வந்ததற்கு ஏதாவது கிடைக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மோகன்குமார் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டீஸ் ஒன்றை எடுத்தார். பிரதாப் அதை உடனே அடையாளம் கண்டான். அது அவன் அடித்த தாள்.

"இதுல நீங்க மூணு பேரும் போட்ட கையெழுத்து இருக்கு. உங்களுதுதான்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா வீடியோ எடுத்துக்கறேன் சார். கண்காட்சில ஓட விடலாம்."

தினகரன் அதை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினான். நெடுநேரம் பார்த்தான். தன் பெயரைப் பார்த்தான். அதன் கீழே இருந்த தேதியைப் பார்த்தான். அந்தத் தேதியில், கச்சேரி முடிந்து ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடும் நேரத்தில், அவன் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் கையைத் துணியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செய்தி கேட்டுக் கடைசி ரயிலைப் பிடித்து ஓடி வந்தவள் கீதா. அவளும் எட்டி அந்தத் தாளைப் பார்த்தாள். பிறகு நேராகப் பிரதாப்பின் முகத்தைப் பார்த்தாள்.

தினகரன் இப்போது சொல்லப்போகிறான் என்று பிரதாப் நினைத்தான். சொல்லட்டும் என்றும் ஒரு கணம் தோன்றியது.

"ஆமா" என்றான் தினகரன். "என்னுதுதான்."

மோகன்குமார் போனில் அதைப் பதிவு செய்துகொண்டார். தினகரன் மறுபடி ஒருமுறை, கொஞ்சம் சத்தமாக, அதையே சொன்னான்.

மோகன்குமார் கரையைப் படம் எடுக்கப் போனதும் பிரதாப் தினகரன் பக்கத்தில் போய் நின்றான். "தினா" என்றான்.

"சொல்லு."

"ஏன்டா அப்டி சொன்ன?"

"வேற இன்னா சொல்ல சொல்ற? அந்தாளு லீவு நாள்ல அவ்ளோ தூரத்துலேருந்து வந்துகீறாரு. அவரு மூஞ்சி முன்னால உன்ன அசிங்கப்படுத்தி எனக்கு இன்னா ஆவப்போவுது?"

"எனக்காகவா சொன்ன?"

"உனக்காக ஒண்ணும் இல்ல." தினகரன் வலையைத் தோளில் எடுத்துப் போட்டான். கோபம் எதுவும் தெரியவில்லை. களைப்புதான் தெரிந்தது. "எத்தன பேருக்குக் குடுத்த?"

பிரதாப் சொன்னான்.

"அத்தினி தடவ என் பேர எழுதினியா?" தினகரன் தலையை ஆட்டினான். "நான்கூட அத்தினி தடவ எழுதினது இல்லடா. போயிட்டு வா. இனிமே இந்தப் பக்கம் வராத."

திரும்பும் வழியில் மோகன்குமார் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். எவ்வளவு எளிமையான மனிதர் என்றார். கிடாரை விறகாக எரித்ததுகூட எவ்வளவு பொருத்தம் பாருங்கள் என்றார். பிரதாப் பொன்னேரியில் இறங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் மார்க்கெட் பக்கம் நடந்தான். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று நினைத்தான். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. தனக்காகப் பொய் சொல்லும்படி அவனை நிற்க வைத்ததுதான் தாங்கவில்லை. கறிக்கடை, பூக்கடை என்று யாரைப் பார்த்தாலும் அவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதைப் போல இருந்தது.

ஒரு வாரம் அப்படியே போனது. சாப்பாடு இறங்கவில்லை. கடையில் ஒரு அஞ்சலி பேனரில் இறந்தவர் பெயரைத் தப்பாக அடித்து, வீட்டுக்காரர்கள் வந்து கத்தினார்கள். கோதண்டம் அவனைத் தனியே கூப்பிட்டு உடம்புக்கு என்ன என்று கேட்டார். அடுத்த ஞாயிறு காலை பிரதாப் ரயிலேறி அம்பத்தூர் போனான்.

மோகன்குமார் லுங்கியில் இருந்தார். சந்தோஷமாக மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், கண்காட்சிக்காகப் புதிதாகப் போட்ட சட்டங்களைக் காட்டினார். பிரதாப் உட்காரவில்லை. நோட்டீஸ் மாட்டியிருந்த சட்டத்தின் முன்னால் நின்றுகொண்டே சொன்னான். அது போன வருஷம் பொன்னேரியில் அடித்தது, மூன்று கையெழுத்தும் தன்னுடையது. கிடாரை உடைத்தது ஏரிக்காக இல்லை. மூன்று பேர் எடுத்த முடிவும் இல்லை. தினகரனைக் கூட்டம் கூப்பிட்டது பொறுக்காமல் தான் உடைத்தது.

மோகன்குமார் சட்டத்தின் பக்கத்தில் வந்து நோட்டீஸைப் பார்த்தார். கீழே அவர் மனைவி குக்கர் வைத்திருந்தாள், விசில் வந்தது.

"அவரு ஆமான்னு சொன்னாரே" என்றார் கடைசியில்.

"என்னைக் காட்டிக் குடுக்க மனசில்லாம சொன்னான்."

மோகன்குமார் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். பின்பக்கத்து ஆணிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, தாளை வெளியே எடுத்து, பிரதாப்பிடம் நீட்டினார். ஒற்றைக் கையால் நீட்டினார்.

"அன்னைக்கு அந்த கிரவுண்டுல நான் அழுதேன் சார். வீட்டுக்குப் போய், இனிமே நானும் ஏதாவது ஒண்ணுக்காக நிக்கணும்னு நெனச்சேன். சின்னப் பையன், அப்டி நெனச்சேன். இத்தன வருஷமா அந்த சிம்பைப் பத்திரமா வச்சிருக்கேன்." தாளை நீட்டியபடியே இருந்தார். "இப்ப இத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீங்க?"

"மனசு கேக்கல சார்."

"உங்க மனசு" என்றார் மோகன்குமார். "சரி. கண்காட்சியை நிறுத்திடறேன். மத்தவங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க."

பிரதாப் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினான். கதவு வரை வருகிற மனிதர் அன்று வரவில்லை.

மறுநாள் மதியம் கடையில் ஆளில்லாத நேரத்தில் உட்கார்ந்து எழுதினான். 'பாடு' ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்தில் பெரிதாக ஒரு பதிவு. பொறாமையில் கிடாரை உடைத்தேன், பேட்டியில் பொய் சொன்னேன், நோட்டீஸ் போலி, வாங்கியவர்கள் சொன்னால் பணத்தைத் திருப்பித் தருகிறேன், தினகரனிடமும் எப்சிபாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதினான். போட்டதும் உடம்பு லேசானது போல இருந்தது. சாயங்காலத்துக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் பதில் எழுதிவிட்டார்கள். கேவலமான வார்த்தைகள் வந்தன. அவற்றை எதிர்பார்த்திருந்தான். எதிர்பாராதது மற்றவைதான். 'இதுதான் நிஜ நேர்மை', 'இப்படி ஒத்துக்க ஒரு தில் வேணும் அண்ணா', 'உடைத்த கோபமும் கலைதான்' என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். ஒருவன், அந்தப் போலி நோட்டீஸ் ஒன்று இருந்தால் தனக்கு வேண்டும் என்று கேட்டிருந்தான். பிரதாப் அவற்றையும் ஒன்றுவிடாமல் படித்தான். படிக்கப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று தெரிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தான்.

எப்சிபா குவைத்திலிருந்து கூப்பிட்டாள். பல வருஷம் கழித்துக் கேட்கும் குரல், அதே வேகம்.

"படிச்சேன். எனக்கு வேண்டியதில்ல உன் மன்னிப்பு. ஊருக்கெல்லாம் எழுதினியே, தினா வூட்டுக்குப் போனியா?"

"நோட்டீஸ் விஷயமாப் போனேன், எனக்காகப் பொய் சொன்னான். இனிமே வராதன்னு சொல்லிட்டான்."

"பொய் சொல்ல வராதன்னான். இதுக்குப் போ" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த நாளே போனான். படகில், சந்தையில் இறால் விற்றுவிட்டு வெறும் கூடையோடு திரும்பும் பெண்கள் நிறையப் பேர். பசியாவரத்தில் தினகரன் வீட்டில் கீதா மட்டும் இருந்தாள். வாசல் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு இல்ல. இன்னிக்கு எங்க பாடு. பொழுது சாஞ்சாதான் வருவாரு."

"நான் ஒண்ணு எழுதியிருந்தேன், கீதா. போன்ல..."

"படிச்சேன். அவருக்கும் படிச்சிக் காட்டுனேன்."

"இன்னா சொன்னான்?"

"சரின்னாரு."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல. சோறு போடுன்னாரு."

பிரதாப் தலையை ஆட்டினான். போகலாம் என்று திரும்பினான். கீதா குழாயை மூடிவிட்டு எழுந்து, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நில்லு. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன். நீ எழுதினதுல கையப் பத்தி ஒரு வார்த்த இல்லயே."

பிரதாப் திரும்பி நின்றான்.

"கிடாரு ஒடஞ்சத எழுதின. கிடாரு போனா போவுது, கட்ட. அந்தக் கையால அவரால இன்னிக்கு ஒரு கண்ணி முடிய முடியாது. வல கிழிஞ்சா நான்தான் முடியணும். மழக்காலத்துல வெரலு வலிக்குதுன்னு கைய தொடைக்கு நடுவுல வச்சினு படுத்துப்பாரு. ஊர்ல யாராவது கேட்டா படகு இடிச்சிதுன்னு சொல்வாரு. அத ஏன் எழுதல?"

"அது... நான் வேணும்னு செய்யல கீதா. கிடார அடிக்கும்போது கை குறுக்க வந்துடுச்சி."

"குறுக்க வந்துச்சா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். "ஆஸ்பத்திரில அவரு எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. பிரதாபு என் கைய பாத்தான்னு சொன்னாரு. பாத்துட்டுதான் அடிச்சான்னு. அதுக்கப்புறம் இத்தன வருஷத்துல அந்தப் பேச்ச எடுக்கல. நீ சொல்லு. பாத்தியா இல்லியா?"

பிரதாப் மண்ணைப் பார்த்தான். மேடையின் மஞ்சள் விளக்கு நினைவுக்கு வந்தது. முதல் அடியில் கிடார் உடையவில்லை. தினகரன் இரண்டு கையையும் நீட்டி ஸ்பீக்கர் பெட்டியின் மேல் குனிந்தான். இடது கை பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது. அந்த விரல்களைப் பிரதாப் பார்த்தான். கிடார் தலைக்கு மேலே இருந்தது. கீழே இறக்காமல் இருப்பதற்கு நேரம் இருந்தது. அந்த விரல்கள்தான் கூட்டத்தைக் கத்த வைத்தன என்று அப்போது தோன்றியது. பன்னிரண்டு வருஷத்தில் அவன் இந்த இடத்துக்கு வருவது இதுதான் முதல் முறை. எப்போதும் அதற்கு ஒரு நொடி முன்னால் திரும்பிவிடுவான்.

"பாத்தேன்" என்றான்.

"அத எழுது" என்றாள் கீதா.

"எழுதறேன்."

"வூட்டுக்குப் போயி இல்ல. இங்க."

அவன் அங்கேயே வீட்டுப் படியில் உட்கார்ந்தான். சிக்னல் வந்து வந்து போனது. நல்ல வார்த்தைகள் நிறைய மனதில் ஓடின, முந்தைய பதிவில் எழுதியதைப் போல. எழுதி எழுதி அழித்தான். கீதா மறுபடி பாத்திரம் தேய்க்கப் போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் நாலு வரிதான் நின்றது.

"படிச்சிக் காட்டு" என்றாள்.

பிரதாப் படித்தான். ஆயிரக்கணக்கான பேர் முன்னால் பாடிய தொண்டை. முதல் வரியிலேயே பிசிறியது.

"கிடாரைக் காப்பாற்ற தினகரன் கையை நீட்டினான். அவன் கை அங்கே இருப்பதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அடித்தேன். அவன் இரண்டு விரல் போனது விபத்து இல்லை."

"இன்னொரு தடவ."

பக்கத்து வாசல் கிழவர் நண்டை விட்டுவிட்டு இப்போது வெளிப்படையாகவே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் தண்ணீர்க் குடத்தோடு போன இரண்டு பெண்கள் நின்றார்கள். பிரதாப்பின் காது சுட்டது. எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. மறுபடி படித்தான். இம்முறை எல்லோருக்கும் கேட்டது.

"ம். போடு" என்றாள் கீதா.

அனுப்பியதற்கான குறி வருவதற்கு நெடுநேரம் பிடித்தது. வந்ததும் அவளிடம் காட்டினான். அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அவன் வர்ற வரைக்கும் இருக்கட்டுமா?" என்று கேட்டான்.

கீதா யோசித்தாள். "வேணாம். நீ இருந்தா அவரு பரவால்லன்னு சொல்லிடுவாரு. அத உன் காதால கேட்டுக்கணும்னுதான் நிக்கற" என்றாள்.

அது உண்மையாக இருந்தது. பிரதாப் செருப்பை மாட்டிக்கொண்டு கரைக்கு நடந்தான். ஏரித் தண்ணீர் உள்வாங்கியிருந்ததால் படகு தள்ளி நின்றது. பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கிப் போய் ஏறினான். குடத்தோடு நின்று கேட்ட பெண்களில் ஒருத்தி அதே படகில் ஏற வந்தாள். பார்த்ததும் அடையாளம் தெரிந்து, அவன் பக்கத்தில் உட்காராமல் எதிர்ப்பலகையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அக்கரை வரும் வரைக்கும் அவள் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவனும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.